துணி படுவதற்கு முன்

வேளச்சேரியில் ஒரு பெட்ரோல் பங்க், இரவு ஒன்பதரை மணி. டேங்க் நிரம்புகிறவரை வண்டியை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் வரிசையாக வெள்ளை எல்.இ.டி. விளக்குகள். அந்த வெளிச்சம் பானெட்டில் விழுந்த இடத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, மெல்லிசாக, நூற்றுக்கணக்கான கோடுகள். சிலந்தி வலை மாதிரி. ஓர் அடி நகர்ந்தேன், வலையும் கூடவே நகர்ந்தது. கதவுப் பக்கம் வந்து பார்த்தேன், அங்கேயும் இருந்தது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கறுப்பு வண்டி. எங்கும் இடித்ததில்லை, உரசியதில்லை. பகலில் நிழலில் நிற்கும்போது பார்த்தால் கண்ணாடி போலத்தான் இருக்கும்.

தினமும் துடைப்பதற்கு மாதம் 600 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஷாம்பு போட்டுக் கழுவுவேன். அந்தக் கோடுகளை வெளியாள் யாரும் வந்து போடவில்லை. வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் பட்ட பாடுதான் கோடாக விழுந்திருக்கிறது. இது எனக்குப் புரிய இன்னும் ஒரு வாரம் ஆனது. புரியவைத்தவர் மடிப்பாக்கம் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெயின்டர். முப்பது வருஷமாக ஸ்ப்ரே கன் பிடித்த கை. எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் வண்டி துடைக்கிற துணி டிக்கியில் கிடந்தது. "அதைக் கொஞ்சம் எடுங்கம்மா" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய சி.டி.யை எடுத்து, பளபளக்கும் பக்கம் மேலே வரும்படி வைத்து, என் துணியால் நாலு இழுப்பு இழுத்தார். அழுத்தவே இல்லை. பிறகு அதை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பெட்ரோல் பங்கில் நான் பார்த்த அதே கோடுகள். துணியை நனைத்துப் பிழிந்து இன்னொரு சி.டி.யில் இழுத்தார். குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. மூன்றாவதாக, பாலித்தீன் பையில் சுற்றி அலமாரியில் வைத்திருந்த, மிக நுண்ணிய இழைகளால் ஆன மைக்ரோஃபைபர் துணி ஒன்றைப் பிரித்து இழுத்தார். ஒன்றும் விழவில்லை.

"துணியா கீறுது? துணிக்குள்ள இருக்கிற மண்ணுதாம்மா கீறுது. மொதல்ல மண்ணு போகணும், அப்புறம் துணி படணும். நீங்க மண்ணு மேலயே துணியப் போட்டு இழுக்கறீங்க."

கார் கழுவுவதைப் பற்றி நான் பிறகு படித்தது, கேட்டது, செய்து பார்த்தது எல்லாமே இந்த ஒரு பேச்சுக்கு விளக்கவுரைதான்.

காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லிசு என்பது தெரிந்தால் கை தானாகவே மெதுவாகிவிடும். இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் இந்த நாலும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 100 மைக்ரான். ஆக நாம் ஆசை ஆசையாகத் தேய்க்கும் மொத்தப் பெயின்டும் ஒரு தாளின் கனம்தான். அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மட்டும் எடுத்தால் 35, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு கீழே இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுவதும் அதே அடுக்குதான். பழைய வண்டிகளின் கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்தது போல வெள்ளைத் திட்டுக்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே இந்த அடுக்கு செத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது தூசியைப் பாருங்கள். சாலைத் தூசியில் கணிசமான பங்கு மணல், அதாவது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கு ஐந்தரை சொச்சம். கண்ணாடியையே கீறக்கூடிய துகள், பிசினால் ஆன கிளியர் கோட்டை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் மூன்று கட்டட வேலை நடக்கிறது. எம்‑சாண்ட் லாரி போனால் பின்னால் வருகிற வண்டிகளின் மேல் மாவு தூவியது போல அது படியும். அந்த மாவில்தான் நாம் துணியை வைத்து இழுக்கிறோம்.

வட்ட வட்டமாகத் தெரிந்ததே, அதற்கும் காரணம் கேட்டேன். வட்டமாகத் துடைத்ததால் வட்டக் கோடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. விளக்கிலிருந்து வரும் வெளிச்சத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும் கீறல்கள் மட்டும்தான் மின்னி நம் கண்ணுக்கு வருகின்றன. அதனால்தான் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. நாம் நகர்ந்தால் வளையமும் நகர்கிறது. வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளிலும் இதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குப் படுவது குறைவு. கறுப்பு, கருநீலம், மெரூன் எதையும் மறைக்காது.

"அம்பாசடர் காலத்துல இந்தத் தொல்லை இல்லையா மாஸ்டர்?" என்று கேட்டேன். அப்போது பல வண்டிகளுக்குத் தனியாகக் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேல் பூச்சு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வெள்ளை அம்பாசடரில் துணி வெள்ளையாகும், கறுப்பு வண்டியில் கறுப்பாகும் என்றார். கீறல் விழாமல் இல்லை, தேய்த்துத் தேய்த்து எடுத்துவிடுவார்களாம். அப்பாக்கள் காலத்துப் பழக்கத்தை இந்தக் காலத்து வண்டிக்கும் கொண்டுவருவதில்தான் பாதி வம்பு.

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தத்துக்கு ஒருநாள் விடிகாலை ஐந்தரைக்குப் போய் நின்று பார்த்தேன். கார் துடைக்கும் அண்ணனுக்குத் தெரிந்தே போனேன், ஒளிந்து பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர், இரண்டு துணி. இருபத்திரண்டு வண்டி. ஏழரைக்குள் முடித்தாக வேண்டும், எட்டு மணிக்கு அவர் வேறொரு இடத்தில் வேலைக்கு ஏற வேண்டும். கணக்குப் போட்டால் வண்டிக்கு ஐந்து நிமிஷம்தான். முதல் வண்டிக்குப் போடும்போது தெளிவாக இருந்த தண்ணீர், ஐந்தாவது வண்டிக்கு டீ நிறம். பத்தாவதற்கு மேல் அது தண்ணீரே இல்லை, சேறு. குழாய் இரண்டு பிளாக் தள்ளி இருக்கிறது. நடந்து போய் மாற்ற நேரம் இல்லை. துணி திருப்பூர் பனியன் வேஸ்ட், கிலோக் கணக்கில் கிடைப்பது. பனியன் துணி மிருதுதான், ஆனால் ஓரத்தில் தையல் இருக்கும், சில துண்டில் லேபிள்கூட இருக்கும். டயரைத் துடைத்த துணியே கதவுக்கும் வருகிறது.

இதை அவர் குற்றமாக எழுத எனக்கு மனமில்லை. ஐந்து நிமிஷத்தில், ஒரு வாளித் தண்ணீரில், ஒரு வண்டியைக் கீறாமல் துடைக்க யாராலும் முடியாது. மாஸ்டராலும் முடியாது. தினமும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்டது நாங்கள். அவர் ஒருநாள் துடைக்காமல் விட்டால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டது நாங்கள். கேட்டதைத்தான் அவர் கொடுத்தார்.

மார்கழியில் இது இன்னும் மோசம். இரவெல்லாம் பனி பெய்து வண்டி நனைந்திருக்கும். தண்ணீர்தான் இருக்கிறதே என்று காய்ந்த துணியால் வழித்துவிடுவோம். அந்தப் பனி, தூசியைக் குழைக்கப் போதுமான ஈரமே தவிர கழுவப் போதுமான தண்ணீர் இல்லை. சந்தனக் கல்லில் நாலு சொட்டு விட்டு இழைப்பது போல, நாம் மண்ணைக் குழைத்து இழைக்கிறோம். கோழி இறகு மாதிரி இருக்கும் தூசி தட்டும் பிரஷ்ஷும் அப்படியே. மேலே மிதக்கும் தூசியை அது எடுக்கும், கூடவே ஒட்டியிருப்பதை இழுத்துக்கொண்டு போகும்.

சரி, எப்படித்தான் கழுவுவது? நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். விலை உயர்ந்த சாமான் எதுவும் இல்லை.

வண்டி நிழலில் நிற்க வேண்டும், பானெட் சில்லென்று இருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சூடாக இருந்தால் ஷாம்பு அங்கேயே காய்ந்து திட்டாகிவிடும். சக்கரத்தைத்தான் முதலில் கழுவுகிறேன். அதற்குத் தனி வாளி, தனி பிரஷ், தனித் துணி. சக்கரத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பொடி பிரேக்கிலிருந்து உதிர்ந்தது. அதில் இரும்புத் துகள் இருக்கிறது. அந்தத் துணி எந்தக் காரணம் கொண்டும் மேலே வரக்கூடாது. அவசரத்தில் குழம்பிவிடாமல் இருக்க அதன் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து வருவதுதான் உயிர்நாடி, ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடும் கட்டமும் அதுவே: தொடாமல் கழுவுவது. ஹோஸ் இருந்தால் மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்து, முடிந்த மட்டும் மண்ணை ஓடவிட வேண்டும். ஹோஸ் இல்லாத வீட்டில் செடிக்கு மருந்தடிக்கும் கை பம்ப் ஸ்ப்ரேயர் போதும், இரண்டு லிட்டர் அளவில் நர்சரிக் கடைகளில் கிடைக்கும். அதில் கார் ஷாம்பு கலந்து வண்டி முழுக்க அடித்து ஐந்து நிமிஷம் விட்டுவிடுவேன். காயவிடக் கூடாது. ஷாம்பு மண்ணுக்கும் பெயின்டுக்கும் நடுவே ஊறிப் பிடியைத் தளர்த்தும். பானெட் ஓரத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: நுரை மெல்ல வழிந்து இறங்கும், முதலில் வெள்ளையாக இருந்தது கீழே வரும்போது பழுப்பாகியிருக்கும், நம்பர் பிளேட் அருகே சொட்டும்போது அதில் கறுப்புப் புள்ளிகளே மிதக்கும். அத்தனையும், என் துணி பட்டிருந்தால் கோடு போட்டிருக்க வேண்டியவை. அப்புறம் மறுபடியும் தண்ணீர். இதற்கெல்லாம் முன்னால் துணியை எடுக்கவே கூடாது.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். முனையை ஓர் அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் கிட்டத்தில் பிடித்து அடித்தால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும்.

இப்போது இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பு வாளியில் முக்கி, வண்டியில் ஒரு பகுதியை இழுத்ததும், நேரே வெறும் தண்ணீர் வாளிக்குப் போக வேண்டும். அதில் அலசி, மண்ணை இறக்கிவிட்ட பிறகுதான் மறுபடி ஷாம்பு. வாளியின் அடியில் மண் தங்கவும், கை பட்டால் அது மேலே எழும்பாமல் இருக்கவும் ஒரு தடுப்புத் தட்டு விற்கிறார்கள். நான் காய்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கூடையின் முதுகில் கையுறையைத் தேய்த்தால் மண் ஓட்டைகள் வழியாக இறங்கி அடியில் போய் உட்காரும்.

கையுறை என்று நான் சொல்வது நூடுல்ஸ் போல நீளக் குஞ்சம் தொங்கும் மைக்ரோஃபைபர் கையுறை. ஸ்பாஞ்சை ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்றால், அதன் முகம் தட்டை. மண் துகள் ஒன்று அகப்பட்டால் ஸ்பாஞ்சுக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசிவரை கூடவே வரும். குஞ்சத்தில் துகள் உள்ளே ஏறி ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. கையை அழுத்தாதீர்கள். நனைந்த கையுறையின் எடையே போதும். நேர்கோட்டில் இழுங்கள், ஒருவேளை கீறல் விழுந்தாலும் ஒரே திசையில் இருக்கும், எல்லா வெளிச்சத்திலும் தெரியாது. கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல் பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப் பாதியையும் பம்பரையும் கடைசிக்கு வையுங்கள். சக்கரம் வாரி அடிக்கும் மண்ணெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. அலசிவிட்டால் போயிற்று என்று எடுக்கக் கூடாது, மாற்றுக் கையுறை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் துணி துவைக்கும் பவுடரும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தவை அவை. மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். பார் சோப்பைத் துணியில் தேய்த்துக் கொண்டு துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம். சில வாட்டர் சர்வீஸ்களில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலைத் தொட்டு ஒரு துடை துடைப்பார்கள். வெளியே வரும்போது புது வண்டி மாதிரித்தான் இருக்கும். அடுத்த சிக்னலுக்குள் ஊர்த் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும்.

கழுவிவிட்டோம், இனி துடைப்பது. இங்கேதான் நான் ரொம்ப நாள் தப்பு செய்துகொண்டிருந்தேன். தண்ணீரை உறிஞ்சும் மஞ்சள் நிற ஷாமித் துணியைப் பிழிந்து பிழிந்து இழுப்பேன். அதுவும் ஸ்பாஞ்ச் போலத்தான், துகளுக்கு ஒளிய இடமில்லை. இப்போது கடைசித் தண்ணீரை ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, வேகமில்லாமல் கூரையிலிருந்து அப்படியே வழியவிடுகிறேன். தண்ணீர் ஒரே விரிப்பாக இறங்கும்போது சொட்டுக்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மிச்சத்துக்குப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டு ஒன்றை விரித்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதைவிட மெதுவாக ஒற்றி எடுத்தால் போதும்.

துடைக்காமல் காயவிட்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல தண்ணீர் ஊரில் இருந்தால் விடலாம். எங்கள் பக்கம் போர் தண்ணீர். கெய்சர் காயிலில் ஏறும் உப்பும் வாளியின் உட்புறம் படியும் வெள்ளையும் எதுவோ, அதுவேதான் பானெட்டிலும் புள்ளி புள்ளியாக உட்காரும். கால்சியமும் மக்னீசியமும். வெயில் பட்டுப் பட்டு அது பெயின்டில் குழி போடவும் செய்யும். புதிய புள்ளியாக இருந்தால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து நனைத்து, ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து நன்றாக அலசினால் போகும். ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் காருக்குப் பிடித்து வைப்பவர்கள் எங்கள் குடியிருப்பில் நிறையப் பேர். நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. டயருக்கு, முதல் நனைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலுக்கு ஆகாது. அதற்கு மாறாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துப் பாருங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே கிட்டத்தட்டக் கிடையாது. மே மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில் ஒரே இரவில் பல லிட்டர் சேரும். துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றுகிறேன். புள்ளி விழுவதில்லை.

தண்ணீர் என்று வந்ததும் 2019 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றே அறிவித்தது. கீறல் விழக் கூடாது என்பதற்காக ஹோஸை அரை மணி நேரம் திறந்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. ஸ்ப்ரேயரும் இரண்டு வாளியும் குவளையுமாக என் வண்டிக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் ஆகிறது. கோடையில் அதுவும் இல்லை. அலசத் தேவையில்லாத ஷாம்பு வகை ஒன்று இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் மூடியளவு கலந்து, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணிகளை அதில் ஊறப்போட்டு, பிழியாமல் எடுத்துத் துடைக்க வேண்டும். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் ஒரே இழுப்புக்குத்தான். எட்டும் முடிந்தால் அந்தத் துணி ஓரமாகப் போய்விட வேண்டும், திரும்ப வாளிக்குள் வரக் கூடாது. வண்டியில் சேறு அப்பியிருந்தால் இந்த முறை உதவாது. சாதாரணத் தூசிக்கு நன்றாகவே உதவுகிறது.

இந்தத் துணிகளைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மிருதுவாக்கி எதுவும் சேர்க்காதீர்கள். நூலிழைகள் அடைத்துப்போய் தண்ணீரை உறிஞ்சாது.

பண்டிகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை வைக்காமல் என்னால் இருக்க முடியாது. வைக்காதீர்கள் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் பாட்டி வெள்ளி விளக்கை எதைப் போட்டுத் தேய்த்தார் என்று நினைத்துப் பாருங்கள். விபூதி. வெள்ளியின் கறுப்பை எடுக்கும் பொடியைக் காய்ந்த துணியால் பானெட்டில் தேய்த்தால் அங்கேயும் அது தன் வேலையைச் செய்யும். மறுநாள் ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்து, ஊறியதும் தண்ணீர் ஊற்றி ஓடவிடுங்கள். தீபாவளி மறுநாள் வெடி மருந்துச் சாம்பல், போகியன்று காலையில் புகைக்கரி, இரண்டுக்கும் இதே விதி: தண்ணீர்தான் முதலில் தொட வேண்டும்.

காக்கை, புறா எச்சத்தை மட்டும் ஞாயிறு வரை தள்ளிப்போடக் கூடாது. அதில் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் இளகி, சாயங்காலம் இறுகும்போது எச்சத்தின் வடிவமே அதில் அச்சாகப் பதிந்துவிடும். ஆனால் நகத்தால் சுரண்டுவதும் தப்பு; உமியும் விதையும் உள்ளே இருக்கும். நனைத்த டிஷ்யூ பேப்பரை மேலே வைத்து, ஊறிய பிறகு அப்படியே தூக்கிவிட வேண்டும். வண்டிக்குள் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் எப்போதும் வைத்திருக்கிறேன்.

எச்சத்துக்குப் பயந்து கவர் வாங்கலாம் என்று தோன்றும். தூசியோடு நிற்கும் வண்டியின் மேல் கவரைப் போட்டால், காற்றில் அது படபடவென்று அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் துடைத்தது மாதிரிதான். கழுவிய வண்டிக்கு, காற்றடிக்காத இடத்தில் என்றால் சரி.

விழுந்துவிட்ட கோடுகளை மாஸ்டர்தான் எடுத்துக் கொடுத்தார். மிஷினை வைப்பதற்கு முன் சின்னக் கருவி ஒன்றைப் பானெட்டில் வைத்து அளந்தார். 112 மைக்ரான். பாலிஷ் முடிந்து அளந்தபோது 108. "இந்த நாலு இனிமே வராதும்மா" என்றார். பாலிஷ் கீறலை அடைப்பதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருப்பதையும் தேய்த்து இறக்குகிறது. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி ஆஃபரில் ரப்பிங் பாலிஷ் போடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். வலது பின்கதவில் நகம் வைத்தால் தட்டுகிற கீறல் ஒன்று உண்டு. அது பாலிஷுக்கு அகப்படாத ஆழம். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கார் துடைக்கும் அண்ணனிடம் பேசினேன். இனிமேல் வார நாட்களில் கண்ணாடிகளை மட்டும் துடைத்தால் போதும், பாடியைத் தொடவேண்டாம், சம்பளம் அதே 600தான் என்றேன். முதலில் அவர் முகம் சுருங்கியது. "ஏன் மேடம், வேலை புடிக்கலையா?" காரணத்தைச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவருக்கு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொன்னேன். இருவருமாகக் கழுவினோம். அன்றைய வேலைக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன்.

முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியை மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கூடையைத் தூக்கினேன். அடியில் ஒரு கைப்பிடி மண். அண்ணன் குனிந்து, இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று எனக்கே கேட்டது.

"தண்ணி அடிச்சப்புறமும் இவ்வளவு இருக்கா மேடம்?"

"இருக்குண்ணா."

கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கூடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். மறு வாரம் பி பிளாக் டாக்டரின் கருநீல வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு வாளி நின்றுகொண்டிருந்தது. ஒன்றில் பச்சை நிறக் கூடை கவிழ்ந்திருந்தது.